ஆம்ப்ளிஃபையர் மாறியதா, வால்யூம் மாறியதா?

கேள்வி: புது ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். வருடக்கணக்காகக் கேட்ட பாட்டிலேயே இதுவரை கவனிக்காத சின்னச் சின்ன ஒலிகள் கேட்கின்றன. நண்பரோ, 'காசு போட்டுவிட்டாய், அப்படித்தான் தோன்றும்' என்கிறார். நான் கேட்பது பொய்யா?

பதில்: பொய் இல்லை, நிஜமாகவே கேட்கிறீர்கள். காரணம் ஆம்ப்ளிஃபையர்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். புதுசு வந்ததும் கண்ணை மூடி உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியமாகத் தேடிக் கேட்கிறோம். பழையதில் அவ்வளவு கவனமாகக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

அப்புறம் வால்யூம். இதைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். குமிழ் ஒரே இடத்தில் இருந்தாலும் இரண்டு கருவிகளிலிருந்தும் ஒரே அளவு சத்தம் வராது, அந்த வித்தியாசம் அரை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) போல இருந்தால் 'சத்தம் அதிகம்' என்று யாருக்கும் தோன்றாது, 'தெளிவாக இருக்கிறது, பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) நிறைவாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். சத்தம் குறைந்தால் காதுக்கு பேஸ் சரியாக எட்டாது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

அதனால் ஒரே சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்து, இரண்டு ஆம்ப்ளிஃபையரிலும் வோல்ட் அளவு ஒரு சதவீதத்துக்குள் பொருந்தும்படி குமிழைத் திருப்புங்கள். அது ஏறக்குறைய 0.1 டெசிபல். பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல், நாணயம் சுண்டி ஒருவர் மாற்றட்டும். சட்டென்று மாற்றவேண்டும், ஒலியின் நுட்பம் சில விநாடிகளுக்கு மேல் நினைவில் நிற்காது. 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால் உங்கள் பக்கம் விஷயம் இருக்கிறது. வெறும் ஊகத்தில் அவ்வளவு வர 100-க்கு 4-க்கும் குறைவான வாய்ப்புதான்.

கேள்வி: அனுபவசாலிகளின் காதுமா ஏமாறும்?

பதில்: ஏமாறும். ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும், ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரிடம் நான்கு ஸ்பீக்கர்களை மறைத்தும் மறைக்காமலும் கொடுத்து மதிப்பிடச் சொல்லி, முடிவை 1994-ல் வெளியிட்டார்கள். கண்ணில் பட்டபோது சின்ன, மலிவான சிஸ்டத்துக்கு மதிப்பெண் இறங்கிவிட்டது! இதே ஆட்கள் ஸ்பீக்கர் தொழிலிலேயே இருப்பவர்கள். ஆனால் ஸ்பீக்கர்களுக்குள் வித்தியாசம் நிஜம், திரைக்குப் பின்னாலும் தெரியும். ஸ்பீக்கரை வைக்கும் இடமும் அப்படித்தான். அடுத்த செலவுக்கு முன்னால் உங்கள் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, பேஸ் எப்படி மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.