காலாவதியாகப் போகும் இன்சைடர் பில்ட்: முதலில் எதைத் தொடுவது?

கேள்வி: ஒன்றரை வருடம் முன்பு ஆர்வத்தில் விண்டோஸின் முன்னோட்டப் பதிப்புகளை முன்கூட்டியே தரும் விண்டோஸ் இன்சைடர் திட்டத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சேர்த்தேன். அப்புறம் அதை மறந்தே போனேன். இப்போது 'இந்த பில்ட் (அதாவது கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் பதிப்பு) விரைவில் காலாவதியாகும்' என்று தினமும் அறிவிப்பு வருகிறது. அப்டேட் தேடினால் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்றே காட்டுகிறது. பாதி எழுதிய ஆய்வேடு அதில்தான் இருக்கிறது. தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தேதியை மாற்றாதீர்கள். கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்னால் போனால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொருந்தாமல் பிரவுசர் பக்கங்களைத் திறக்க மறுக்கும். அப்டேட் சர்வரோடு பேசுவதும் சிக்கலாகும். எந்த வழியாகத் தப்பிக்க வேண்டுமோ அந்த வழியையே அடைத்த மாதிரி ஆகிவிடும்.

முதல் வேலை, ஆய்வேட்டை வெளியே எடுப்பது. இன்றைக்கே செய்யுங்கள். கெடு முடிந்த பில்ட் உடனே நின்றுவிடாது. முதலில் எச்சரிக்கும், பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே ரீஸ்டார்ட் ஆகும், கடைசியில் பூட் ஆகவே, அதாவது விண்டோஸ் தொடங்கவே, மறுக்கும். அந்த நடுக்கட்டத்தில் பேக்கப் எடுப்பது பெரிய சோதனை. பெரிய ஃபோல்டர் ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரோடு நிறுத்தாமல் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், நீங்களாக நிறுவிய எழுத்துருக்கள் எல்லாவற்றையும் எடுங்கள். எழுத்துரு போனால் ஆய்வேடு திறக்கும், ஆனால் படிக்க முடியாமல் போகலாம். காப்பி ஆனதும் வேறொரு கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கூடவே இன்னொன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பிட்லாக்கர் ரெகவரி கீ. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி; அதைத் திறக்கும் 48 இலக்க எண் அது. நீங்கள் பிட்லாக்கரை இயக்கியதாக நினைவே இல்லாவிட்டாலும், பல புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கியிருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, டிவைஸ் பக்கத்தில் பார்த்தால் கிடைக்கும். கம்ப்யூட்டர் நின்ற பிறகு இந்த எண் இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறெதில் மாட்டினாலும் ஃபைல்கள் கிடைக்காது.

சரி, இப்போது கெடு என்றைக்கு என்று பார்ப்போம். விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். திறக்கும் ஜன்னலில் பில்ட் எண்ணும், காலாவதியாகும் தேதியும் நேரமும் இருக்கும். ஒவ்வொரு பில்டுக்கும் தனித்தனித் தேதி. அதனால் புதிய பில்ட் ஏறினால் தேதியும் தள்ளிப் போகும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

அப்படியென்றால் உங்களுக்கு ஏன் புதிய பில்ட் வரவில்லை? நான் முதலில் சந்தேகப்படுவது ஒரு சின்ன ஸ்விட்சை. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் டயக்னாஸ்டிக் டேட்டா என்று ஒன்று உண்டு. அதில் 'ஆப்ஷனல்' வகைத் தகவலை அனுப்பச் சம்மதித்தால்தான் இன்சைடர் பில்டுகள் வரும். தனியுரிமையை நினைத்து எப்போதோ அணைத்திருப்பீர்கள், அதோடு பில்டுகளும் நின்றிருக்கும். இப்போதைக்கு இயக்குங்கள், இன்சைடர் திட்டத்திலிருந்து வெளியேறிய பிறகு மறுபடி அணைத்துக்கொள்ளலாம். அதுவும் சரியாக இருந்தால், விண்டோஸ் அப்டேட்டுக்குள் இன்சைடர் பக்கத்தைத் திறந்து, இணைத்த கணக்கு துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கில் போதிய இடம் இருக்கிறதா என்பதும் ஒரு பார்வை. எதுவும் பலிக்கவில்லை என்றால், மைக்ரோசாஃப்டின் இன்சைடர் தளத்திலிருந்து புதிய பில்டின் ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, விண்டோஸுக்குள் இருந்தபடியே அதன் செட்டப்பை ஓட்டலாம். உங்களுடையதைவிடப் புதிய பில்டாக இருந்தால், ஃபைல்களையும் ஆப்களையும் அப்படியே வைத்துக்கொள்ளும் வாய்ப்பைக் காட்டும்.

கெடுவைத் தள்ளிப்போட்டாயிற்று. ஆனால் ஆய்வேடு எழுதும் கம்ப்யூட்டர் முன்னோட்டப் பதிப்பில் இருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. வெளியேறுவது எப்படி என்பது நீங்கள் எந்தச் சேனலில், அதாவது இன்சைடர் திட்டத்தின் எந்தப் பிரிவில், இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதே இன்சைடர் பக்கத்தில் சேனல் பெயர் இருக்கும். பீட்டா அல்லது ரிலீஸ் பிரிவியூ என்றால் கவலை குறைவு: அடுத்த பொதுப் பதிப்பு வரும்போது இந்தக் கம்ப்யூட்டரைத் திட்டத்திலிருந்து விடுவிக்கச் சொல்லும் ஸ்விட்ச் அங்கேயே உண்டு. அதை இயக்கிவிட்டுக் காத்திருந்தால் போதும், ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

டெவ் அல்லது கேனரி என்றால் பொதுவாக அந்த வசதி கிடையாது. அவற்றின் பில்ட் எண் பொதுப் பதிப்பைவிட முன்னே போயிருக்கும். மேலே ஏறிய விண்டோஸைச் செட்டப் அப்படியே கீழே இறக்காது, ரெஜிஸ்ட்ரியும் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) சிஸ்டம் ஃபைல்களும் புதிய பதிப்பின் வடிவத்துக்கு மாறியிருக்குமல்லவா. பழைய பதிப்புக்குத் திரும்பும் 'கோ பேக்' பட்டனும் அப்டேட் ஆன 10 நாள் வரைதான் இருக்கும், உங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் பொதுப் பதிப்பை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, புதிதாக நிறுவுவதுதான் வழி.

இதைப் படிப்பதற்குள்ளேயே கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நின்றுவிட்டதென்றாலும் பதற வேண்டாம். வேறொரு கம்ப்யூட்டரில் அதே பென் டிரைவைத் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். செட்டப்பின் முதல் திரையிலேயே நின்று, ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கறுப்புக் கமாண்ட் ஜன்னல் திறக்கும். பிட்லாக்கர் இருந்தால் முதலில் அந்த 48 இலக்கத்தைக் கொண்டு டிரைவைத் திறக்க வேண்டும். பிறகு நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, இன்னொரு பென் டிரைவில் ஒட்டிவிடலாம். சி டிரைவ் அங்கே வேறு எழுத்தில் தெரியக்கூடும், உங்கள் பெயருள்ள ஃபோல்டரைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

லைசென்ஸைப் பற்றிய பயம் பலருக்கும் உண்டு. விண்டோஸ் முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த கம்ப்யூட்டரென்றால், அதன் டிஜிட்டல் லைசென்ஸ் அந்த ஹார்ட்வேரோடு பதிவாகியிருக்கும். நிறுவும்போது பிராடக்ட் கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு ஹோம் இருந்தால் ஹோம், புரோ இருந்தால் புரோ என்று அதே பதிப்பையே நிறுவுங்கள். இணையத்தில் இணைந்த கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.