மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா? கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்யப்போய், இப்போது சங்கக் கூட்டம், திருவிழா, மனு நாள் என்று பேசப் போகிற பெரியவர்களும் வந்து கேட்கிறார்கள். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தேவிபட்டினம், கல்லூரி மாணவி: போன மாதம் துறை விழாவில் வரவேற்புரை எனக்கு. மைக் முன்னால் நின்றதும் நெஞ்சு படபடத்து, வாய் காய்ந்து, ‘அனைவருக்கும்’ என்ற சொல்லைத் தாண்டி எதுவும் வரவில்லை. எனக்குப் பேச்சே வராதா ஐயா?

வரும் மகளே. பாம்பன் குந்துகாலில் விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கிறதே, பார்த்திருக்கிறாயா? 1897 ஜனவரி 26 அன்று அவர் பாம்பனில் கரையிறங்கியபோது ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியே வந்து வரவேற்றார். சிகாகோவில் பேசிய பேச்சுக்குக் கிடைத்த வரவேற்பு அது. ஆனால் 1893 செப்டம்பர் 11 அன்று அந்த மேடையில் என்ன நடந்தது என்பதை அவரே சென்னை நண்பருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்: நெஞ்சு படபடத்தது, நாக்கு கிட்டத்தட்ட வறண்டுவிட்டது, காலையில் பேசத் துணிவு வரவில்லை. பிற்பகலில்தான் எழுந்து பேசினார். உனக்கு வந்த அதே படபடப்பு, அதே வறட்சி.

ஆபத்து என்று உடம்பு நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமெடுக்கும், எச்சில் குறையும். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உன் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெல்ல விடு. ஐந்தாறு தடவை போதும். மூச்சை நீட்டி விடும்போது துடிப்பு தணியும்.

இன்னொன்று, மனசுக்குள் படித்துப் பார்ப்பது பயிற்சியே இல்லை. வாய்தான் பழக வேண்டும். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் நின்றுகொண்டு, சத்தமாக, இருபது தடவை சொல். விருந்தினர் பெயர்களை மனப்பாடம் செய்யாதே, கெட்டி அட்டையில் எழுதி வைத்துக்கொள். கை நடுங்கினால் தாள் படபடக்கும், அட்டை படபடக்காது.

தொண்டி, கிராம சுகாதார செவிலியர்: என் குரல் சன்னமானது. கத்திப் பேசினாலும் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறார்கள்.

கத்தாதீர்கள், தொண்டைதான் கட்டும். பெரும்பாலும் குறை குரலில் இருக்காது, வாக்கியத்தின் வாலில் இருக்கும். நம் தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ‘இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட…’ வரைக்கும் பலமாகச் சொல்லிவிட்டு, மூச்சு தீர்ந்து மீதியை விழுங்கினால் ‘வேண்டும்’ என்றீர்களா ‘கூடாது’ என்றீர்களா என்று பின்னால் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் தொழிலில் அது விளையாட்டல்ல.

விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் ஏலத்தைக் கேளுங்கள். இன்ஜின் சத்தம், காக்கைச் சத்தம், பத்துப் பேர் பேச்சு எல்லாவற்றுக்கும் நடுவில் ஏலம் விடுபவரின் தொகை மட்டும் தனியாகக் கேட்கும். அவர் எல்லாச் சொல்லையும் கத்துவதில்லை. தொகை கடைசியில் வருகிறது, அந்தக் கடைசியைத்தான் தூக்கிச் சொல்கிறார். வாக்கியத்தைச் சின்னதாக வெட்டுங்கள், ஒவ்வொன்றின் முடிவுக்கும் மூச்சை மிச்சம் வையுங்கள்.

தங்கச்சிமடம், ஒரு தாய்: என் மகன் பேச்சுப் போட்டிக்கு மூன்று பக்கம் மனப்பாடம் செய்கிறான். நடுவில் ஒரு வரி விட்டால் அப்படியே நின்றுவிடுகிறான்.

தொடக்கமும் முடிவும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் மூன்று செய்தி, அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் தம்பி தங்கைக்குச் சொல்வதுபோல வேறு வேறு வார்த்தையில் உங்களிடம் தினமும் சொல்லச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த பெரியவரின் தமிழ் அவன் வாயில் நிற்காது.

கீழக்கரை, இளைஞர்: மதுரையில் ஒரு மேடையில் ‘எங்க உம்மா சொல்வாக’ என்று ஆரம்பித்தேன், சிரித்துவிட்டார்கள். இனி செந்தமிழில்தான் பேச வேண்டுமா?

அந்தச் சிரிப்பு உங்களை வருத்தியிருக்கும் தம்பி, எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அம்மாவை ‘உம்மா’ என்று சொல்வதை விட்டுவிடாதீர்கள். முதல் தடவை சிரித்த சபை, அடுத்த வாக்கியத்தில் உம்மா என்ன சொன்னார் என்று கேட்கத்தான் காத்திருக்கும். அங்கே வெட்கப்பட்டு வேகமெடுக்காமல், சிரிப்பு அடங்கும்வரை நின்று, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்லுங்கள். கருத்தை விளக்கும்போது பொதுத்தமிழ், வீட்டு மனிதரைப் பேசவைக்கும்போது வீட்டுத்தமிழ். இரண்டும் கலந்து வருவதுதான் கேட்க இதம். ‘அவர்களே, அவர்களே’ என்று பத்து நிமிடம் அடுக்குகிற மேடைத்தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

மூக்கையூர், திருவிழாக் குழு உறுப்பினர்: கடற்கரைப் பந்தலில் பேசினால் மைக்கில் காற்று இரைகிறது. இடையில் ‘கூ’வென்று ஊளை வேறு.

மேடையை, பேசுபவரின் முதுகில் காற்று படும்படி போடுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் உங்கள் ஊரில் அது கடல் பக்கம். காற்றோடு போகிற சத்தம் தூரம் போகும், உடம்பே மைக்குக்கு மறைப்பாகவும் இருக்கும். மைக் தலையில் பஞ்சு உறை மாட்டி, வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும், ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாலும் ஊளை வரும். 100 மீட்டர் தள்ளி மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரல் உங்களுக்குத் திரும்பிவர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். அதைக் கேட்டுத் தடுமாறாமல் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

ராமேஸ்வரம், வேன் ஓட்டியபடி சுற்றிக்காட்டுபவர்: தனுஷ்கோடி பற்றி எல்லாம் சொல்கிறேன். பயணிகள் போனைத்தான் பார்க்கிறார்கள்.

ஆண்டும் எண்ணும் முதலில் வந்தால் அப்படித்தான். இடிந்த தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, ‘இந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். சொரசொரப்பும் துளையும் கையில் பட்டதும் அவர்களே கேட்பார்கள். பவளப்பாறைக் கல் என்று அப்போது சொல்லுங்கள். பிறகு 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது அலை கொண்டுபோனதைத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அடுத்த தகவலுக்குத் தாவ வேண்டாம், கொஞ்ச நேரம் கடல் சத்தம் கேட்கட்டும்.

சின்னப்பாலம், கடற்பாசி எடுக்கும் பெண்: மீனவர் அடையாள அட்டை கேட்டு மனு நாளுல எங்க பொம்பளைக சார்பா நான்தான் பேசணும். எல்லாத்தையும் சொல்லணும்னு ஆரம்பிப்பேன், அதுக்குள்ள ‘மனுவைக் குடுத்துட்டுப் போங்க’ன்னுடுறாக.

தாயி, நீங்கள் கடைசியில் வைத்திருப்பதை முதலில் சொல்லுங்கள். ‘சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் இத்தனை பெண்கள். மீனவர் அடையாள அட்டை வேண்டும்.’ இவ்வளவுதான் முதல் மூச்சு. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான கதை அவர்களுக்குத் தெரியும், உங்கள் இரண்டு நிமிடத்தை அதில் செலவழிக்காதீர்கள்.

அவர்களுக்குத் தெரியாதது உங்கள் கை. பாறையில் கிழியாமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதானே இறங்குகிறீர்கள்? உங்கள் பக்கத்துப் பெண் ஒருவர் அப்படிக் கழற்றிய சுற்றை ஒருமுறை எனக்குக் காட்டினார். உப்பேறி விறைத்து, உள்ளே விரல் இல்லாமலே விரல்போல நின்றது. நுனியில் கிழிசல். ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, ‘மீனவர் இல்லை என்கிறார்கள் ஐயா, இது எங்கள் கை’ என்று சொல்லுங்கள். பிறகு விரல்களை நீட்டுங்கள்.

போகுமுன் வீட்டில் ஒத்திகை பாருங்கள். போனில் இரண்டு நிமிடம் வைத்துக்கொண்டு, ஒரு பெண் அதிகாரியாக உட்கார்ந்து குறுக்கே குறுக்கே பேசட்டும். உண்மையிலேயே குறுக்கிட்டால் கோபப்படாமல் ஒரே கேள்வி: ‘இதை எந்த அலுவலகம், எந்தத் தேதிக்குள் பார்க்கும் ஐயா?’ கூட வருகிறவர் பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளட்டும். திங்கட்கிழமை கூட்டம் கூடுதலாக இருக்கும், சீக்கிரம் போய்விடுங்கள். மனுவின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், ரசீதில் எண் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படி இறங்குங்கள்.