நிழலில் நிற்கும் புல்லுக்குப் பெயர் என்ன?

கேள்வி: வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வசிக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஓக், மேப்பிள் மரங்கள் அடர்ந்த சிறு காடு இருக்கிறது. அங்கே இடுப்பளவு உயரத்தில் தூர் தூராக ஒரு புல் வளர்கிறது. ஜூலையில் அதன் கதிர், புட்டி கழுவும் தூரிகையைப் போல் விரிந்து நிற்கிறது. இது ஜப்பானிய ஸ்டில்ட் புல், உடனே பிடுங்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இது இம்மண்ணுக்கு உரிய பல்லாண்டுப் புல்லா என்பதை எப்படி உறுதி செய்வது?

பதில்: பிடுங்குவதைத் தயவுசெய்து சிறிது காலம் ஒத்திப்போடுங்கள். உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் பாட்டில்பிரஷ் புல் என்று அழைக்கப்படும் எலிமஸ் ஹிஸ்ட்ரிக்ஸ் ஆக இருக்க வேண்டும். கிழக்கு வட அமெரிக்கக் காடுகளில் இயற்கையாகவே வளரும் பல்லாண்டுப் புல் அது. ‘ஹிஸ்ட்ரிக்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு முள்ளம்பன்றி என்று பொருள். கதிரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒரு புல் பல்லாண்டு வாழ்வதா என்பதை அதன் அடித்தூரிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அது இம்மண்ணுக்கு உரியதா என்பதை எந்த இலையும் எந்தக் கதிரும் சொல்லாது. முதலில் இனத்தின் பெயரை உறுதி செய்து, பிறகு அந்த இனத்தின் இயற்கைப் பரவல் எதுவென்று பார்த்தால்தான் தெரியும். ‘களை மாதிரி இருக்கிறது’ என்ற தோற்றத்தை நம்பி நல்ல புற்களை அழித்தவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெயரை உறுதி செய்யக் கதிரிலிருந்து தொடங்குங்கள். பாட்டில்பிரஷ் புல்லின் சிறுகதிர்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்து, முதிரும்போது நடுத்தண்டுக்கு ஏறத்தாழ செங்குத்தாக விலகி நிற்பதால், அவற்றுக்கு இடையே தண்டு தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு மணியின் உமியும் நீண்ட வாலாக முடியும். அடுத்ததற்குக் கைலென்ஸ் தேவைப்படும்; என் அனுபவத்தில் மிகவும் நம்பத்தக்க அடையாளம் இதுதான். பெரும்பாலான புற்களில் சிறுகதிரின் அடியில் இரண்டு வெளிச்செதில்கள் இருக்கும். இந்தப் புல்லில் அவை வெறும் முள்ளாகக் குறுகியிருக்கும், அல்லது அறவே இல்லாமல் போகும். இதன் நெருங்கிய உறவான வர்ஜீனியா வைல்ட் ரை என்ற புல்லிலோ அந்தச் செதில்கள் தடித்து, அடியில் வில்லாக வளைந்திருக்கும்; கதிரும் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். இன்னொரு உறவான கனடா வைல்ட் ரையின் கதிர் கனத்துத் தலைசாயும். அதன் வால்கள் முதிரும்போது வெளிப்புறமாக வளையும்.

இனி அடித்தூர். சென்ற ஆண்டின் காய்ந்த தாள்களும் மக்கிய இலையுறைகளும் அங்கே இருந்து, அவற்றுக்கு நடுவே புதிய தளிர் எழுந்தால் அது பல்லாண்டுப் புல். இதைப் பார்க்கச் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை, சருகை விலக்கினால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரரின் அச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். மைக்ரோஸ்டீஜியம் விமினியம் என்ற ஜப்பானிய ஸ்டில்ட் புல் அமெரிக்காவில் முதன்முதலாக 1919இல் டென்னசி மாநிலத்தில் பதிவானது. இன்று கிழக்குக் காடுகளில் நிழல்தரையைப் போர்வையாக மூடி, மரக்கன்றுகளையும் காட்டுப்பூக்களையும் நெருக்குகிறது. ஆனால் அது ஓராண்டுப் புல். தூராக நிற்காமல் தரையில் சாய்ந்து, கணுக்களில் வேர்விட்டுப் படரும். அதன் குட்டையான இலையில், நடுவிலிருந்து சற்று விலகி ஒரு வெள்ளிக்கோடு ஓடும். கோடை முடிவிலும் இலையுதிர்காலத்திலும்தான் பூக்கும் என்பதால், ஜூலையிலேயே தூரிகை போன்ற கதிரோடு நிற்பது அதுவாக இருக்க முடியாது. அந்தப் புல் அருகில் எங்காவது படர்ந்திருந்தால், விதை முற்றுமுன் அதை மட்டும் தேர்ந்து பிடுங்குங்கள். வேர் மேலோட்டமானது, கையோடு வந்துவிடும்.

கேள்வி: கதிர் இல்லாத வசந்தத்தில், காட்டுத்தரையில் இருப்பது புல்லா கோரையா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: தண்டை இரண்டு விரல்களுக்கு இடையே உருட்டிப் பாருங்கள். காட்டில் வளரும் கோரைகள் பெரும்பாலானவற்றில் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டோ உருண்டு, கணுக்கள் புடைத்திருக்கும். மேலிருந்து நோக்கினால் கோரையின் இலைகள் மூன்று வரிசையாகவும் புல்லின் இலைகள் இரண்டு வரிசையாகவும் தெரியும். தண்டு எழாத இளந்தூரில் இலைவரிசை ஒன்றே துணை. அப்போதும் ஐயம் இருந்தால், அந்தத் தூரின் அருகே ஒரு குச்சியை நட்டு வைத்து, ஜூன் மாதக் கதிருக்காகக் காத்திருங்கள்.