கழுவின கை முதலில் காயட்டும்

(வாசகியரின் அழகுக் கேள்விகளுக்கு, மதுரையில் பியூட்டி பார்லர் நடத்தும் அழகுக்கலை நிபுணரின் பதில்கள்)

கேள்வி: அக்கா, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஆற அமர உட்கார்ந்து நெயில் பாலிஷ் போடுகிறேன். செவ்வாய்க்கிழமையே வலது கையில் நுனி உரிய ஆரம்பித்துவிடுகிறது. பாத்திரம், துணி எல்லாம் நான்தான். அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். விலை கூடிய பாட்டில் வாங்கினால் நிற்குமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பாட்டிலை மாற்றுவதற்கு முன்னால் போடும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. குளித்த கையோடு போடுகிறீர்கள், அதுவும் எண்ணெய்க் குளியல்!

நகம் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஊறினால் கொஞ்சம் உப்பும், காய்ந்தால் பழையபடி சுருங்கும். மேலே பூசிய பாலிஷ் அதோடு சேர்ந்து சுருங்காது, அதனால் பிடிப்பு விட்டுவிடும். ஈரச் சுவரில் பெயின்ட் அடித்த கதைதான். எண்ணெய் இன்னொரு பக்கம். சீயக்காய் போட்டு எவ்வளவு அலசினாலும் நகக்கண்ணில் பிசுக்கு தங்கியிருக்கும். தலை பின்னிவிட்டு வந்து போட்டாலும் இதே தொல்லைதான்.

ராத்திரிப் பாத்திரம் கழுவி முடித்து, கை ஒரு மணி நேரமாவது காய்ந்த பிறகு உட்காருங்கள். நகத்தை அளவாக வெட்டி, ஃபைலால் ஒரே பக்கமாகத் தேய்த்து நுனியை மழமழப்பாக்குங்கள். நுனி பிசிறாக இருந்தால் உரிவது அங்கேதான் தொடங்கும். அப்புறம், பழைய பாலிஷ் இல்லாவிட்டாலும் ரிமூவர் தொட்ட பஞ்சால் பத்து நகத்தையும் ஒரு தடவை துடையுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பார்லருக்கு வரும் பெண்களிடம் நான் முதலில் செய்வதும் இதைத்தான். எண்ணெய் சேர்த்த ரிமூவர் இதற்கு வேண்டாம், சாதாரண அசிட்டோன் ரிமூவர் போதும். சானிடைசரும் வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அது நகத்தில் படிந்துவிடும்.

முதலில் பேஸ் கோட், அதாவது கலருக்கு அடியில் பூசும் பூச்சு. பலர் இதை வெட்டிச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். கலரை நகத்தோடு பிடித்துவைப்பதே அதுதான். அடர் சிவப்பு, மெரூன் போடும்போது நகம் மஞ்சளாகாமலும் காக்கும். அது காய்ந்ததும் கலரை மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் மேலே ஏடு கட்டிவிடும், அடியில் இருக்கும் கரைப்பான் ஆவியாக வழியில்லாமல் கொழகொழவென்றே கிடக்கும். சுற்றியுள்ள தோலில் படாமல் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். தோலில் ஒட்டிய பாலிஷ் தூக்கிக்கொண்டு வரும்போது நகத்தில் இருப்பதையும் சேர்த்து இழுக்கும்.

கடைசியாக டாப் கோட், அதாவது கலருக்கு மேலே பூசும் பாதுகாப்புப் பூச்சு. அதைப் போடும்போது பிரஷை நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். கலர் பூசும்போதும் அப்படியே. வீட்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்த விளிம்பைத்தான். பாத்திரம் தேய்க்கும் நார் முதலில் உரசுவது அந்த இடம், தண்ணீர் உள்ளே புகுவதும் அங்கேதான். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை டாப் கோட் மட்டும் மெல்லியதாக ஒரு கை பூசிவிட்டால் பாலிஷ் இன்னும் சில நாள் தாங்கும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக முழுக்கக் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடிவரை இறுக மணிக்கணக்காகும். உடனே படுத்தால் காலையில் போர்வைத் தடம் விழுந்திருக்கும். சீக்கிரம் காயட்டும் என்று ஐஸ் தண்ணீரில் கையை முக்குகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேற்பரப்பு கொஞ்சம் இறுகலாம், ஆனால் நகத்துக்கு மறுபடி ஈரம் காட்டுகிறோமே!

மறுநாளிலிருந்து பாத்திரத்துக்கும் துணிக்கும் ரப்பர் கையுறை போடுங்கள். வீட்டில் யாராவது கிண்டல் செய்தால் செய்யட்டும். சோப்புத் தண்ணீரிலேயே ஊறும் கைக்கு, பாலிஷ் போட்டாலும் போடாவிட்டாலும் அது நல்லதுதான். பூண்டு உரிக்கவும் டப்பா மூடியைத் திறக்கவும் நகத்தைக் கொடுக்காதீர்கள். வலது கையால் குழம்பு பிசைந்து சாப்பிடுகிறோம், வெளிர் நிறங்களில் மஞ்சள் கறை பிடித்துவிடும். வேலை அதிகம் உள்ள கல்யாண வீட்டில் அடர் நிறமே சௌகரியம்.

தங்கை கல்யாணத்துக்கு மருதாணி வைத்துக்கொள்வீர்கள் அல்லவா? மருதாணி முதலில், பாலிஷ் மறுநாள். மருதாணியை உதிர்த்ததும் கையில் எண்ணெய் தடவுவோம், அதனால் நகத்தை மட்டும் ரிமூவரால் பார்த்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள். ரிமூவர் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விலை? கலர் பாட்டிலுக்கு நிறையக் கொடுக்கத் தேவையில்லை. கையில் இருக்கும் பணத்தை நல்ல டாப் கோட்டுக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: ஆசையாக வாங்கிய பாலிஷ் பாட்டிலுக்குள்ளேயே கெட்டியாகிவிட்டது. ரிமூவர் நாலு சொட்டு விடலாம் என்கிறாள் தோழி. விடலாமா அக்கா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா. பாலிஷில் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள் எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கிறது. அந்தக் கரைப்பான் ஆவியானதால்தான் கெட்டியாகிவிட்டது. ரிமூவர் பாலிஷைக் கலைப்பதற்கானது. அதை ஊற்றினால் இளகும், ஆனால் பூசிய பிறகு சரியாக நிற்காது. பேன்சி ஸ்டோரில் நெயில் பாலிஷ் தின்னர் என்றே கேளுங்கள். இரண்டு மூன்று சொட்டு விட்டு, பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழ் சேரும். ஒவ்வொரு தடவையும் பாட்டிலின் கழுத்தைத் துடைத்துவிட்டு இறுக மூடுங்கள். ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். பாலிஷ், தின்னர், ரிமூவர் மூன்றுமே சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியிலும் விளக்கு எரியும் இடத்திலும் திறக்கவே கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு ஆபரேஷன். பாலிஷை எடுத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். இப்போதுதான் போட்டோம், ஒரு கையில் மட்டும் எடுத்தால் போதாதா?
– வாசகி, தேனி

பதில்: இரண்டு கையிலும் எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நகத்தின் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறது. அடர் நிறம் அந்த அளவைத் தப்பாகக் காட்டக்கூடும். நகத்தின் இயல்பான நிறமும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். கால் நகத்தில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஜெல் பாலிஷ் என்றால் சாதாரணமாகத் துடைத்தால் போகாது. அசிட்டோனில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் முதல் நாளே பார்லருக்கு அழைத்துப் போய்விடுங்கள்.