‘நல்லா இருந்துச்சு’ என்பதற்கு மேல் சொல்ல வரவில்லையா?

கேள்வி: நிறையப் படம் பார்க்கிறேன். நாவல், காமிக்ஸ் இரண்டும் படிப்பேன். ஆனால் முடித்ததும் ‘நல்லா இருந்துச்சு’, ‘சுமார்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வருவதில்லை. நண்பர்கள் திரைக்கதை, எடிட்டிங் என்று பிரித்து மேய்கிறார்கள். நானும் அப்படி அலச ஆரம்பித்தால் ரசனையே போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ரசனை எங்கேயும் போகாது. முதல் தடவை பார்க்கும்போது எதையும் அலசாதீர்கள். கதை இழுத்த இழுப்புக்குப் போங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அலசுவதெல்லாம் இரண்டாம் தடவைக்கு. அதற்கும் முழுப் படம் வேண்டாம், உங்களை உலுக்கிய ஒரே ஒரு காட்சி போதும்.

அந்தக் காட்சியை எடுத்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: இதில் எனக்குச் சொல்லாமல் விட்டது எது? கதைச் சுருக்கத்தை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எதைச் சொல்வது, எதை நம்மிடமே விட்டுவிடுவது என்று முடிவெடுக்கிற இடத்தில்தான் கதைசொல்லியின் கை தெரியும்.

குறுந்தொகையில் 25ஆம் பாட்டு, கபிலர் எழுதியது. ஐந்தே அடி. தலைவி சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகும் இருந்தது. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான் பாட்டு. அவன் கைவிட்டுவிட்டான் என்று அவள் சொல்லவில்லை. அழவும் இல்லை. ஐந்து அடியில் பாதியைப் பறவைக்குக் கொடுத்திருக்கிறார் கபிலர். ஏன்? இருந்த ஒரே சாட்சி அது, அதற்கும் கண் மீன் மேல். அந்தக் காலின் நிறம் வரைக்கும் நினைவு வைத்திருக்கிற பெண் அந்த நாளை எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பாள்! இதில் ஒன்றுகூடப் பாட்டில் எழுதப்படவில்லை. எல்லாம் நாமாகப் போட்டு நிரப்பிக்கொண்டது. இன்றைய இயக்குநர் இதற்கு ஒரு குளோசப் வைப்பார். கபிலர் சொல்லிலேயே வைத்துவிட்டார்.

சினிமாவில் இதையே சோதித்துப் பார்த்தவர் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ். சுமார் நூறு வருடம் முன்பு, ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்து, ஒருமுறை சூப் தட்டோடு, ஒருமுறை சவப்பெட்டியோடு, ஒருமுறை ஒரு பெண்ணோடு ஒட்டிக் காட்டினார். அந்த முகத்தில் பசி தெரிந்தது, துக்கம் தெரிந்தது, ஆசை தெரிந்தது. மூன்றும் ஒரே ஷாட். நடிப்பை முடித்து வைத்தவர்கள் பார்த்தவர்கள்தான். உங்கள் நண்பர்கள் எடிட்டிங் என்று பேசுவதன் வேர் இதுதான்.

காமிக்ஸில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியும்: கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளைப் பட்டை. ஒரு கட்டத்தில் கதவுப் பிடியில் ஒரு கை. அடுத்ததில் கவிழ்ந்து கிடக்கும் நாற்காலி. நடுவில் நடந்த கைகலப்பை ஓவியர் வரையவில்லை, நீங்கள் பார்த்தீர்கள். காமிக்ஸ் கலையைப் பற்றிக் காமிக்ஸாகவே 1993இல் ஒரு நூல் வரைந்த ஸ்காட் மெக்ளவுட் இந்தப் பட்டையை விரிவாக விளக்குகிறார். இன்னொன்று: நல்ல ஓவியர் அதிர்ச்சியைப் பக்கம் திருப்பியதும் வருகிற இடத்தில் வைப்பார். கைபேசியில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் படித்தால் இதெல்லாம் தொலைந்துபோகும். முடிந்தவரை முழுப் பக்கமாகப் பாருங்கள்.

எல்லாவற்றையும் மறைத்தால்தான் சுவை என்றும் நினைத்துவிட வேண்டாம். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடம் பதைபதைப்பு என்று த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடந்த உரையாடலில் விளக்கினார். முடிவு தெரிந்த கதையையே திரும்பத் திரும்பக் கேட்கிறோமே, இந்தக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? காமிக்ஸிலிருந்து. படம் அதன் வேகத்தில் ஓடிவிடும்; காமிக்ஸ் நீங்கள் பார்த்து முடிக்கும்வரை நிற்கும். பிடித்த ஒரு பக்கத்தில் வசனங்களை மறைத்துவிட்டுப் பாருங்கள். எவ்வளவு புரிகிறது? அப்புறம் வசனத்தைப் படியுங்கள். படத்தைத்தான் வசனம் திரும்பச் சொல்கிறதா, அல்லது படத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறதா? பழகியதும் ஒரு சினிமாக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டி இதையே செய்யுங்கள். நாவலில் ஒரு பாத்திரம் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிற இடங்களைக் குறித்து வையுங்கள். கலைச்சொற்கள் பிறகு தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

விளக்க வீடியோக்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்பே உங்களுக்குப் பட்டதை இரண்டு வரி எழுதிவிடுங்கள். அடுத்தவர் கருத்து காதில் விழுந்த பிறகு, நமக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மீட்பது ரொம்பக் கஷ்டம்.