எல்க் வேட்டைக்கு 25 மடங்கு ஸ்கோப் எதற்கு?

கேள்வி: டென்வரில் வேலை பார்க்கிறேன். இந்த வருடம் அலுவலக நண்பர்களோடு முதல்முறையாக எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். ரைபிள் .308 தோட்டா அளவு. 500 கெஜம் வரை சுடலாம் என்கிறார்கள். கடையில் 5-25x56 ஸ்கோப்பைக் கையில் திணிக்கிறார்கள், அதாவது 5 முதல் 25 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், முன் லென்ஸ் 56 மி.மீ. விட்டமுள்ள, ரைபிள் மேல் பொருத்தும் தொலைநோக்கி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மேடையில் படுத்துக்கொண்டு இரும்புத் தகட்டைச் சுடுகிறவருக்கு அது சரி. நீங்கள் ராக்கி மலையில் ஏறப்போகிறீர்கள், அந்த அளவு ஸ்கோப்புகளில் பல ஒரு கிலோவைத் தாண்டும், அதை நாள் முழுக்கத் தோளில் சுமக்க வேண்டும். 25 மடங்கில் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், மூச்சு விட்டாலே படம் ஆடும், வெயில் ஏறினால் கானல் வேறு. எல்க் எங்கே என்று நீங்கள் துழாவி முடிப்பதற்குள் அது மரங்களுக்குள் போயிருக்கும்.

வெளிச்சத்தையும் யோசியுங்கள். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரை சுடலாம் என்பது கொலராடோ விதி, எல்க் வெளியே வருவதும் பெரும்பாலும் அந்த மங்கல் நேரத்தில்தான். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 56ஐ 25ஆல் வகுத்தால் 2 மி.மீ.க்குச் சற்று மேல், 44 மி.மீ. லென்ஸை 8 மடங்கில் வைத்தால் 5.5. கற்றை அகலமாக இருந்தால்தான் மங்கலில் படம் வெளிச்சமாகத் தெரியும். மடங்கைக் குறைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். குறைத்துத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் 25க்கு ஏன் காசு கொடுப்பது? ஸ்கோப்பின் உடல் 34 மி.மீ. குழாயாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது குறியை ஏற்றி இறக்கும் எல்லையைத்தான் கூட்டும். 3-15x44 அல்லது அதை ஒட்டிய ஒன்று, 30 மி.மீ. குழாய், பக்கவாட்டில் பேரலாக்ஸ் திருகு (கண் நகர்ந்தால் குறி விலகித் தெரிவதைச் சரிசெய்வது), இது போதும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்றரை அங்குலமாவது இடைவெளி விடுவதாகப் பாருங்கள், இல்லையென்றால் பின்னுதைப்பில் புருவம் கிழியும்.

மிச்சமாகும் பணம் டரட்டுக்கு, அதாவது குறியை ஏற்றி இறக்க ஸ்கோப்பில் இருக்கும் திருகுக்குப் போகட்டும். உங்கள் .308ஐ 100 கெஜத்தில் குறி சரிசெய்து வைத்தால், 500 கெஜத்தில் தோட்டா ஏறத்தாழ ஐந்தடி கீழே இறங்கும். அந்த ஐந்தடியை நீங்கள் டரட்டில் கிளிக் கிளிக்காகத் திருப்பித்தான் ஈடுகட்ட வேண்டும். கிளிக்கை மில், எம்ஓஏ என்ற இரண்டு கோண அளவுகளில் ஒன்றில் கணக்கிடுவார்கள். மில் கணக்கு என்றால் 100 மீட்டரில் ஒரு கிளிக் ஒரு சென்டிமீட்டர். எம்ஓஏ என்றால் 100 கெஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம். எதை எடுத்தாலும் சரி, டரட்டும் ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) ஒரே கணக்கில் இருக்க வேண்டும், ஒன்று மில் இன்னொன்று எம்ஓஏ என்றால் குளிரில் விரைத்த விரலோடு மனக்கணக்கு போட முடியாது. வாங்கியதும் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் நாற்பது கிளிக் ஏற்றிச் சுடுங்கள், இறக்கிச் சுடுங்கள், பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் விழவில்லையென்றால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த 500 கெஜம். தோட்டா அங்கே போய்ச்சேர முக்கால் நொடி ஆகும், அதற்குள் எல்க் ஒரு அடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும். மணிக்கு பத்து மைல் பக்கக் காற்று ஒன்றரை அடிக்கு மேல் தள்ளிவிடும். தூரத்தை 50 கெஜம் தப்பாகக் கணித்தாலே ஓரடிக்கு மேல் வித்தியாசம். தூரம் அளக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் கடைசிக் கணக்கை மட்டும்தான் தீர்க்கும், மற்ற இரண்டுக்கும் எந்த ஸ்கோப்பிலும் மருந்தில்லை. முதல் வருடம் 250ஐத் தாண்டாதீர்கள், நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: எச்1பி விசாவில் இருப்பவன் ரைபிள் வைத்திருக்கலாமா?

பதில்: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் கூடாது, துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும்தான். ஆனால் அங்கே முறையாக எடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் கொலராடோவில் லைசென்ஸ் வாங்க வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும், ஆகவே முதல் வேலை வகுப்பு, ஸ்கோப் அப்புறம். லைசென்ஸ் காலாவதியானால் அந்த விலக்கும் போச்சு, தேதியைக் கவனியுங்கள்.

கேள்வி: ஊருக்கு வரும்போது ஸ்கோப்பைக் கொண்டுவந்து தோட்டத்துப் பன்றிகளை ஒரு கை பார்க்கலாமா?

பதில்: கூடாது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் அடக்கம். ரைபிள் ஸ்கோப்பை அமெரிக்காவிலிருந்து வெளியே கொண்டுவரவும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது. டென்வரிலேயே இருக்கட்டும்.