820 ஆட்டம் ஹவுஸ்ஃபுல்: நம்பி டிக்கெட் வாங்கலாமா?

கேள்வி: பாஸ்டனுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. இந்தக் கோடையில் பிள்ளைகளோடு ஃபென்வே பார்க்கில் ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்க்க ஆசை. "பத்து வருடம் விடாமல் ஹவுஸ்ஃபுல் ஓடிய மைதானம், இப்போதே வாங்கிப் போடு" என்கிறார் அலுவலக நண்பர். டிவியில் பார்த்தால் இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. அந்தக் கணக்கு நிஜம்தானா?

பதில்: கணக்கு நிஜம்தான். ஆனால் எண்ணியது டிக்கெட்டை, ஆட்களை அல்ல.

ஃபென்வேயைச் சொந்த மைதானமாகக் கொண்ட ரெட் சாக்ஸ் அணி 2003 மே மாதம் தொடங்கி 2013 ஏப்ரல் 8 வரை, பிளே ஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும்) ஆட்டங்களையும் சேர்த்து, அங்கே ஆடிய 820 ஆட்டங்களைத் தொடர்ந்து ஹவுஸ்ஃபுல் என்று அறிவித்தது. ஏப்ரல் 10 அன்று வருகை 30,862 என்று அறிவித்ததோடு தொடர் அறுந்தது. ஆரம்ப வருடங்களை நான் அப்படியே நம்புவேன். 2004-இல் 86 வருடம் கழித்து சாம்பியன் கோப்பை கிடைத்தது. மைதானமோ சுமார் 37,000 பேர் கொள்ளும் சின்ன இடம்.

கடைசி வருடங்கள்தான் இடிக்கின்றன. 2012-இல் அணி 93 ஆட்டங்களில் தோற்றது. மறுவிற்பனைத் தளங்களில் டிக்கெட் அச்சிட்ட விலைக்கும் கீழே இறங்கியது. அறிவிப்பு மட்டும் மாறவே இல்லை. பாஸ்டன் குளோப் நாளிதழ் அப்போது இதைக் கிளறியது. அதில் தெரிந்தது இதுதான்: அணி இலவசமாகக் கொடுத்த டிக்கெட், நின்று பார்ப்பவர்களுக்கு விற்ற டிக்கெட் எல்லாவற்றையும் கூட்டி, அது இருக்கைகளின் எண்ணிக்கையை எட்டிவிட்டால் ஹவுஸ்ஃபுல். அதாவது சில இருக்கைகள் விற்காமலே இருந்தாலும் கணக்கு நேராகிவிடும். பொய் என்று சொல்ல மாட்டேன். தனக்கு வசதியான கணக்கு.

இது ஒரு அணியின் வழக்கம் மட்டுமல்ல. பேஸ்பாலில் அறிவிக்கும் வருகை எண்ணிக்கையே விற்ற டிக்கெட்தான். அங்குள்ள இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக் ஒரு காலத்தில் வாசலைக் கடந்த தலைகளை எண்ணியது. 1990-களின் தொடக்கத்தில் அதுவும் விற்பனைக் கணக்குக்கு மாறிவிட்டது. சொந்த மைதானத்தில் நடக்கும் 81 ஆட்டங்களுக்கும் சீசன் டிக்கெட் வாங்கியவர் ஏப்ரல் குளிரில் வீட்டிலேயே இருந்தாலும், அவரும் 'வந்தவர்' கணக்கில்தான். கிளீவ்லாந்து அணியின் 455 ஆட்டத் தொடரை (1995 முதல் 2001 வரை) இதைவிட அதிகம் மதிக்கிறேன். புது மைதானம், நல்ல அணி, சீசன் தொடங்கும் முன்பே மொத்த டிக்கெட்டும் தீர்ந்த வருடமும் உண்டு. 455 என்ற எண்ணை ரசிகர்கள் பெயரில் ஒதுக்கி, இனி எந்த ஆட்டக்காரருக்கும் சட்டை எண்ணாகக் கிடையாது என்று வைத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஹவுஸ்ஃபுல் பேச்சை விட்டுவிட்டு, மறுவிற்பனை விலையைப் பாருங்கள். அச்சிட்ட விலையைவிடக் குறைவாகக் கிடைத்தால் அவசரமே இல்லை. பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணி வரும் வார இறுதி என்றால் கதை வேறு. அதற்கு நண்பர் சொல்வதைக் கேட்கலாம். சேவைக் கட்டணத்தையும் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க மத்திய அரசு விதி 2025 மே முதல் அமலில் இருக்கிறது. எனவே இரண்டு தளங்களை ஒப்பிடுவது இப்போது சுலபம்.

கேள்வி: மலிவான இருக்கையாக எடுத்தால் போதுமா?

பதில்: ஃபென்வேயில் கவனம் தேவை. 1912-இல் திறந்த மைதானம். கிராண்ட்ஸ்டாண்ட் பகுதியில் கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையாளர்களுக்கு நடுவே நிற்கின்றன. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பந்து வீசுபவர் தெரிவார், அடிப்பவர் தெரிய மாட்டார். 'பார்வை மறைக்கும்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். வலது பக்கக் கோடியில் சில பகுதிகளின் இருக்கைகள் மைதானத்தின் நடுவைப் பார்த்தபடி இருக்கும். அடிப்பவரைப் பார்க்க ஆட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மரப் பலகை இருக்கைகள் குறுகல், குழந்தைகளுக்குப் பரவாயில்லை, உங்களுக்கு முட்டி இடிக்கும். அப்புறம், டிக்கெட் செல்போன் செயலிக்குத்தான் வரும். யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்றால் காசு கொடுக்காதீர்கள்.